அந்தம்மா ஒண்ணுமே செய்யலியே

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளாகத் திரையில் நடித்தவர்களில் யார் உசத்தி என்ற பேச்சு வந்தால் கிறிஸ்டி வாசகர்கள் பெரும்பாலும் ஜோன் ஹிக்சன் பெயரைத்தான் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். யோசித்துச் சேர்ந்த கட்சி என்று சொல்ல முடியாது. ஊரே சொன்னது, பார்த்தபோது எனக்கும் சரியாகவே பட்டது, அதோடு விட்டாயிற்று. இந்த மழைக்காலத்தில் அண்ணி எங்கள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தபோது பிபிசி எடுத்த அந்தப் பழைய தொடரை ஓடவிட்டேன். அண்ணி துப்பறியும் கதை என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார், கொலைகாரன் யார் என்று பாதியிலேயே சொல்லிவிட்டு மீதியைத் தான் சொன்னது சரியா என்று பார்ப்பதற்காகவே பார்க்கிற ஆள். பொறுமையாகக் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, "அந்தம்மா ஒண்ணுமே செய்யலியே? எல்லாரும் பேசறாங்க, அவங்க பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கிட்டுப் பின்னிக்கிட்டே இருக்காங்க. இதுக்கா இவ்வளவு பேரு?" என்றார். மறுநாள் மார்கரெட் ரூதர்ஃபோர்ட் நடித்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே அண்ணி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இது நடிப்பு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"புத்தகத்துல இருக்கற மாதிரியே ஹிக்சன்தான் இருக்காங்க அண்ணி" என்று முணுமுணுத்தேன். அது பதிலாகாது என்று சொல்லும்போதே தெரிந்தது. வர்ணனைக்குப் பொருந்துகிற முகமும் உடம்பும் ஒருவருக்கு அமைவது அதிர்ஷ்டம், அதை எப்படித் திறமைக் கணக்கில் சேர்ப்பது? அண்ணி ஊருக்குப் போன பிறகும் அவர் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஹிக்சன் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மைதான் என்றும் தோன்றியது, அதனால்தான் அவர் நன்றாக இருக்கிறார் என்றும் தோன்றியது. சரி, எல்லோரையும் இன்னொரு முறை வரிசையாகப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

கேமராவுக்கு ஆகாத வேடம்

மிஸ் மார்ப்பிள் முதலில் எட்டிப் பார்த்தது 1927-ல், ஒரு பத்திரிகைச் சிறுகதையில். முதல் நாவல் 1930. மொத்தம் 12 நாவல்கள், 20 சிறுகதைகள். செயின்ட் மேரி மீட் கிராமம், கம்பளி நூல், தோட்டம், ஊர்வம்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒரே விஷயம்: இந்தக் கிழவி எப்படி வேலை செய்கிறார்? யாரும் தன்னைக் கவனிப்பதில்லை என்பதை வைத்துத்தான். போலீஸ்காரர் வந்தால் எல்லோரும் வார்த்தையை அளந்து பேசுவார்கள். மூலையில் ஒரு வயதான, கல்யாணமாகாத அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தால் யாராவது குரலைத் தாழ்த்துவார்களா? மாட்டார்கள். அவர் இருப்பதே அவர்களுக்கு உறைப்பதில்லை. கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளர் பாய்ரோ இதற்கு நேர் எதிர். மீசை, முட்டைத் தலை, பளபளக்கும் ஷூ, அறைக்குள் நுழைந்தாலே எல்லாக் கண்ணும் அவர்மேல்தான். பாய்ரோ வேடம் கிடைத்தால் எந்த நடிகருக்கும் கொண்டாட்டம்தான், எடுத்து விளையாட அவ்வளவு இருக்கிறது. மார்ப்பிள் வேடத்தில் நடிகை செய்ய வேண்டியது, மற்ற பாத்திரங்களின் கண்ணில் படாமல் இருப்பது. ஆனால் படம் பார்க்கிற நம் கண்ணில் பட்டாக வேண்டும். சினிமாவுக்கு இதைவிட ஒத்துவராத வேடம் கிடைப்பது கஷ்டம்.

இந்தத் தொல்லை அந்தப் பாத்திரம் பிறந்தபோதே ஆரம்பித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1926-ல் வந்த ரோஜர் ஆக்ராய்டு கொலை நாவலில் டாக்டரின் அக்கா கரோலைன் என்று ஒருத்தி வருவாள். வீட்டை விட்டு நகராமல் ஊர் சமாச்சாரம் முழுவதையும் விரல் நுனியில் வைத்திருக்கிற ஆள். அந்த நாவலை 1928-ல் நாடகமாகப் போட்டபோது அந்த அக்காவைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு இளம்பெண்ணை வைத்துவிட்டார்கள். கிறிஸ்டிக்கு அது பிடிக்கவே இல்லை. கரோலைனை எழுதியபோது கிடைத்த சந்தோஷத்திலிருந்துதான் மார்ப்பிள் வந்திருக்கக்கூடும் என்றும், கரோலைனை நாடகத்திலிருந்து எடுத்தபோதே மார்ப்பிள் பிறந்துவிட்டார் என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தேதிக் கணக்குப் பார்த்தால் மார்ப்பிள் சிறுகதை நாடகத்துக்கு முன்னாலேயே அச்சாகிவிட்டது, ஆக அவர் சொல்வது முழுக்கப் பொருந்தாது. ஆனாலும் அந்தக் கோபம் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். மேடைக்கு வயதானவள் வேண்டாம், பார்க்கிற மாதிரி ஒருத்தி வேண்டும். பிற்பாடு சினிமாவும் டிவியும் இதையேதான் வேறு வேறு விதமாகச் செய்தன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ப்பிளை "அன்பான பாட்டி" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். லண்டன் ஈலிங் பகுதியில் இருந்த தன் பாட்டியின் தோழிகள் மாதிரி ஒருவரை மனதில் வைத்து எழுதியதாகச் சொல்லும் கிறிஸ்டி, மார்ப்பிளுக்கும் தன் பாட்டிக்கும் ஒரே ஒரு ஒற்றுமை உண்டு, பாட்டி எல்லோரிடமும் மிக மோசமானதையே எதிர்பார்ப்பார், பயமுறுத்துகிற அளவுக்கு அது சரியாகவும் போய்விடும் என்கிறார். அந்த ரோஸ் கன்னத்துக்கும் பஞ்சுத் தலைக்கும் பின்னால் இருப்பது மனிதர்களைப் பற்றித் துளியும் நம்பிக்கை இல்லாத மூளை. தூக்குத் தண்டனை விஷயத்தில் அந்தம்மாளுக்கு இரக்கமே கிடையாது.

கதவைத் திறந்தால் ரூதர்ஃபோர்ட்

ரூதர்ஃபோர்டுக்கு முன்னால் 1956-ல் அமெரிக்க டிவியில் பாடகி கிரேசி ஃபீல்ட்ஸ் ஒரு தடவை மார்ப்பிளாக வந்திருக்கிறார் (அதில் இளம் ரோஜர் மூரும் உண்டு). ஆனால் உலகத்துக்கு மார்ப்பிளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ரூதர்ஃபோர்ட்தான். எம்ஜிஎம் படநிறுவனம் 1961-லிருந்து 1964-க்குள் நான்கு படம் எடுத்தது, நான்குக்கும் இயக்குநர் ஜார்ஜ் போல்லக். குண்டான உடம்பு, ஆடுகிற தாடை, தோளில் கேப், முகத்தில் யாருக்கும் பயப்படாத ஒரு கண்டிப்பு. குதிரை ஏறுவார், ட்விஸ்ட் ஆடுவார், கடைசிப் படத்தில் கப்பலில் வாள்சண்டையே போடுவார். நாவல்களில் இல்லாத மிஸ்டர் ஸ்ட்ரிங்கர் என்ற துணை ஒருவர் கூடவே வருவார், அவர் ரூதர்ஃபோர்டின் நிஜக் கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ். நான்கில் இரண்டு படங்கள் பாய்ரோ நாவல்களிலிருந்து எடுத்தவை, ஒன்றுக்கு நாவலே கிடையாது. மிச்சமிருக்கிற முதல் படம் ஒன்றுதான் மார்ப்பிள் கதை, பேடிங்டன் ரயில் கதை.

அந்த ஒன்றையும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நாவலில் மூன்று பெண்கள். பக்கத்து ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதைப் பார்ப்பவர் மிஸஸ் மெக்கிலிகடி. சந்தேகப்பட்ட பெரிய வீட்டுக்குள் வேலைக்காரியாகப் போய்ப் பிணத்தைத் தேடுபவள் லூசி என்ற கெட்டிக்காரப் பெண். உட்கார்ந்து யோசிப்பவர் மார்ப்பிள். பார்ப்பது ஒருத்தி, தேடுவது ஒருத்தி, புரிந்துகொள்வது ஒருத்தி. படத்தில் மூன்றையும் ரூதர்ஃபோர்டே செய்துவிடுகிறார்! கொலையைப் பார்ப்பதும் அவர், வேலைக்காரியாகப் போவதும் அவர், கண்டுபிடிப்பதும் அவர். ரூதர்ஃபோர்ட் மாதிரி ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நாற்காலியில் உட்கார வைக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்? எனக்கு இந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும், மழை நாளில் பார்க்க இதைவிடச் சுகமான படம் கிடையாது. ஆனால் அவர் நுழைகிற அறையில் யாரும் அவரைக் கவனிக்காமல் இருக்கவே முடியாது. கொலைகாரன் அசந்து உளறுவதற்கு வாய்ப்பே இல்லை. அவர் ஆட்களைத் திணறடித்துத்தான் ஜெயிக்கிறார்.

ரூதர்ஃபோர்டின் சொந்தக் கதை எந்தக் கிறிஸ்டி நாவலையும்விடக் கொடியது. அவர் பிறப்பதற்கு முன்பே, 1883-ல், அவருடைய அப்பா மனநிலை பிறழ்ந்து தன் சொந்த அப்பாவையே கொன்றுவிட்டார். பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் இருந்துவிட்டு வெளியே வந்து, குடும்பப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, மனைவியையும் கைக்குழந்தை மார்கரெட்டையும் கூட்டிக்கொண்டு புதுவாழ்க்கை தேடி வந்த ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்தான். அங்கேயும் விடிவில்லை, கர்ப்பிணியாக இருந்த அம்மா தூக்குப் போட்டுக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தையை லண்டனில் விம்பிள்டனில் இருந்த சித்தியிடம் அனுப்பிவிட்டார்கள். கொலைக் கதையில் நடிக்க ரூதர்ஃபோர்ட் முதலில் தயங்கினார் என்று சொல்வதைப் படித்தபோது, பின்னே தயங்காமல் என்ன செய்வார் என்றுதான் தோன்றியது. அதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஆடுகிற தாடையைப் பார்த்துச் சும்மா சிரித்துவிட்டுப் போக முடிவதில்லை. கிறிஸ்டிக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை, ஆனால் அந்த மனுஷியைப் பிடித்திருந்தது. 1962-ல் வந்த உடைந்த கண்ணாடி (The Mirror Crack'd) நாவலை ரூதர்ஃபோர்டுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

அமெரிக்கர்கள் கை வைத்தபோதும் இதே கதைதான். 1980-ல் அந்த உடைந்த கண்ணாடி நாவல் படமானது, எலிசபெத் டெய்லர், ராக் ஹட்சன், கிம் நோவாக், டோனி கர்ட்டிஸ் என்று பெரிய கூட்டம். மார்ப்பிள் ஆஞ்செலா லான்ஸ்பரி, அப்போது அவருக்கு 54 வயது, முடியை வெளுக்க வைத்து ஏற்றிய கிழம். ஆரம்பக் காட்சி அருமை. கிராமத்தில் ஒரு துப்பறியும் படம் காட்டிக்கொண்டிருப்பார்கள், கொலைகாரன் யார் என்று சொல்லப் போகும் நேரத்தில் ஃபிலிம் அறுந்துவிடும், மார்ப்பிள் அந்த முடிவை எல்லோருக்கும் தானே சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் லான்ஸ்பரி சபையைக் கட்டிப்போடத் தெரிந்தவர், அதை மறைக்க அவரால் முடியவில்லை. பிறகு 1984-லிருந்து 12 சீசன்கள், 264 எபிசோடுகள் 'மர்டர், ஷி ரோட்' டிவி தொடரில் ஜெசிகா ஃப்ளெட்சராக வந்தாரே, அதுதான் அவருக்குப் பொருத்தமான வேடம். பிரபலமான எழுத்தாளர், போகிற இடமெல்லாம் வரவேற்பு. யாரும் கண்டுகொள்ளாத கிழவியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் ஹெலன் ஹேய்ஸ் இரண்டு டிவி படங்களில் நடித்தார், நல்ல பாட்டி, அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது.

அந்தச் சமையலறையில் இன்னொருத்தி

இப்படி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது 1961 படத்தை மறுபடி ஓட்டினேன். ரூதர்ஃபோர்ட் ஆக்கென்தார்ப் மாளிகைக்குப் புது வேலைக்காரியாக வந்து சேர்கிறார். அந்த வீட்டில் ஏற்கெனவே மிஸஸ் கிடர் என்று வீட்டுவேலைக்கு வந்துபோகிற ஒரு அம்மாள் உண்டு. மெலிந்த ஆள், எலும்பு தெரிகிற முகம். சிறிய வேடம். அந்தம்மாள்தான் ஜோன் ஹிக்சன்.

இது ரகசியமொன்றும் இல்லை, கிறிஸ்டி ரசிகர்கள் பலருக்கும் தெரிந்த துணுக்குச் செய்திதான். நானும் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, அண்ணியின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது வேறு. திரையில் ஒரு மார்ப்பிள் முழு இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் இருபத்து மூன்று வருஷம் கழித்து வரப்போகிற மார்ப்பிள் அதே வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார், யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிறுத்தினேன், பின்னால் ஓட்டினேன், மறுபடி பார்த்தேன். இந்த முறை ரூதர்ஃபோர்டைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு ஹிக்சனை மட்டும் பார்த்தேன். கஷ்டமாக இருந்தது. கண் தானாக ரூதர்ஃபோர்ட் பக்கம் போய்விடுகிறது. பெரிய வீடுகளில் வேலைக்காரர்கள் எப்படிக் கண்ணில் படாமல் இருப்பார்களோ அப்படி இருக்கிறார் ஹிக்சன். அது தற்செயலாக வந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை.

ஹிக்சன் 1906-ல் பிறந்தவர், மேடையேறியது 1927-ல், மார்ப்பிள் அச்சில் வந்த அதே வருஷம். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அவர் நடித்ததெல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்ன வேடங்கள். வீட்டு வேலைக்காரி, வாடகை வீட்டுக்காரி, நர்ஸ், கடுகடுவென்ற அத்தை, யாரோ ஒருவரின் அம்மா. 'கேரி ஆன்' நகைச்சுவைப் படங்களில் சிலவற்றில் வருவார். 1979-ல் நாடகத்துக்காக டோனி விருது வாங்கினார், அதுவும் துணைப் பாத்திரத்துக்குத்தான். கதாநாயகி கதவைத் திறந்து வெளியே போன பிறகு அந்தக் கதவைச் சாத்துகிறவர்கள் இருப்பார்களே, அந்த வேடங்கள். 1940-களில் ஒரு கிறிஸ்டி நாடகத்தில் அவர் நடித்ததைப் பார்த்துவிட்டு, என்றாவது ஒருநாள் என் அருமை மார்ப்பிளாக நீங்கள் நடிக்க வேண்டும் என்று கிறிஸ்டி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். கவனியுங்கள், அப்போது ஹிக்சனுக்கு நாற்பதுதான். முகச்சாயலை வைத்துச் சொல்லியிருக்க முடியாது. அறையில் இருந்துகொண்டே இல்லாததுபோல் இருக்க ஒருத்திக்குத் தெரிகிறது என்பதை அவர் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கிறிஸ்டி 1976-ல் போய்விட்டார். பிபிசி 1984 டிசம்பரில் முதல் கதையை ஒளிபரப்பியபோது ஹிக்சனுக்கு வயது 78. 1992 வரை 12 நாவல்களையும் நடித்து முடித்தார், அப்போது 86. அந்த வயதில் பிரிட்டன் முழுக்கத் தெரிந்த முகமானார். 1987-ல் ஓபிஇ விருது கொடுத்த மகாராணியே, நாங்கள் மனதில் நினைத்த மாதிரியே நடிக்கிறீர்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

சரி, அண்ணி சொன்ன மாதிரி அவர் ஒன்றும் செய்வதில்லையா? உற்றுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மற்றவர் பேசும்போது அவர் முகத்தில் ஒன்றும் ஓடாது. 'நான் கவனிக்கிறேன், எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது' என்று பார்வையாளனுக்குக் கண்ணடிப்பதே கிடையாது. டிவி துப்பறிவாளர்கள் எல்லோரும் செய்கிற வேலை அது, புருவத்தைத் தூக்குவார்கள், கேமரா பக்கம் லேசாகத் திரும்புவார்கள். ஹிக்சன் நம்மையும் கொலைகாரனையும் ஒரே இடத்தில்தான் வைக்கிறார், நமக்கும் அவர் ஒரு சாதாரணக் கிழவிதான். வாக்கியத்தைப் பாதியில் விடுவார், பேச்சு நூல் கண்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும், எதிரே இருக்கிற இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்புறம் திடீரென்று அந்த வெளிறிய நீலக் கண் நேராக நிமிரும், மெல்லிய குரலில் ஒரு வரி வரும், அதில் பாட்டி இருக்க மாட்டாள். டேவிட் ஹோரோவிட்ச் நடித்த இன்ஸ்பெக்டர் ஸ்லாக் இந்த அம்மாளைப் பார்த்தாலே எரிச்சலாகிறாரே, அந்த எரிச்சலுக்கு அடியில் கொஞ்சம் பயமும் உண்டு என்பது இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது.

பை நிறையக் கம்பு (A Pocket Full of Rye) நாவலின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லிவிட மாட்டேன். ஒரு அநாதை வேலைக்காரப் பெண் சம்பந்தமான கடிதம் ஒன்று மார்ப்பிளுக்குத் தாமதமாக வந்து சேர்கிறது. படித்ததும் கண்ணீர் வருகிறது. அடுத்து கோபம். அடுத்து, அந்த இரண்டையும் தள்ளிவிட்டு ஒரு வெற்றிக் களிப்பு, ஒரு தாடை எலும்பையும் இரண்டு பல்லையும் வைத்து அழிந்துபோன மிருகத்தை உருவாக்கிவிட்ட நிபுணருக்கு வருமே அந்தக் களிப்பு. கிறிஸ்டி இந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறார். செத்துப்போன பெண்ணுக்காக அழுத அதே நிமிடத்தில் தன் மூளையை மெச்சிக்கொள்கிறாள் இந்தக் கிழவி! இந்த மூன்றும் அடுத்தடுத்து எந்த முகத்தில் வந்தால் நம்புவோம்? ரூதர்ஃபோர்ட் முகத்தில் கண்ணீரும் கோபமும் வரும், அந்த மூன்றாவது வராது, அவர் அவ்வளவு நல்லவர். லான்ஸ்பரிக்கு மூன்றாவது சுலபம். ஹிக்சன் முகத்தில் மூன்றையும் என்னால் வைத்துப் பார்க்க முடிகிறது.

காதல் கதை ஒன்று வேண்டுமாம்

2004-ல் பிரிட்டனின் ஐடிவி சேனல் மார்ப்பிள் தொடரைப் புதிதாக ஆரம்பித்தது. முதலில் ஜெரால்டின் மெக்யூவன், 2009-லிருந்து ஜூலியா மெக்கென்ஸி, இருவருமாகச் சேர்ந்து 23 கதைகள். மெக்யூவன் கண்ணில் எப்போதும் ஒரு குறும்பு மின்னிக்கொண்டிருக்கும். அதுதான் நான் மேலே சொன்ன கண்ணடிப்பு. பார்க்க இனிமையாக இருக்கிறது, ஆனால் எந்தக் கொலைகாரனும் இந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு ஏமாற மாட்டான். மார்ப்பிளே இல்லாத கிறிஸ்டி நாவல்களில் மார்ப்பிளைக் கொண்டுபோய் நுழைத்தார்கள், சில கதைகளில் கொலைகாரர்களையே மாற்றினார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது அந்தக் காதல். இளம் மார்ப்பிள் ஏற்கெனவே கல்யாணமான ஒரு ராணுவ வீரனைக் காதலித்தாராம், முதல் உலகப் போரில் அவன் செத்துப்போனானாம், பழைய நினைவாகக் காட்டுகிறார்கள்.

ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ளாமல் கிழவியாகிவிட்டால் அதற்கு ஒரு சோகக் காரணம் இருந்தே ஆக வேண்டுமா? கிறிஸ்டியும் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறார், பெர்ட்ராம்ஸ் ஹோட்டல் நாவலில். சின்ன வயதில் பொருத்தமில்லாத ஒரு பையன்மேல் மார்ப்பிளுக்கு ஆசை, அம்மா அதை முளையிலேயே கிள்ளிவிட்டார், பொண்ணு கொஞ்ச நாள் துடித்தாள், பல வருஷம் கழித்து அவனை மறுபடி பார்த்தால் சகிக்கவில்லை. முடிந்தது. சில வரிகளில் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். அந்த நக்கலை எடுத்துவிட்டு ஆயுசுக்கும் ஆறாத காயம் ஒன்றை வைத்தால் பாத்திரம் ஆழமாகிவிடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மேடைக்காரர்கள் கரோலைனைத் தூக்கிவிட்டு இளம்பெண்ணை வைத்தார்களே, இதுவும் அதுதான், கிழவிக்குள்ளேயே ஒரு இளம்பெண்ணைத் திணித்துவிட்டார்கள்.

மெக்கென்ஸி நிதானமானவர், அடக்கமானவர், பொதுவாக அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சர் மாதிரி இருப்பார். வேடத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. குறை என்று சொன்னால், அவரிடம் அந்தக் குளிர்ச்சி இல்லை, உண்மையிலேயே நல்ல மனசு என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. 2013-ல் வந்த கரீபியன் கதையில் ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை எழுதிய இயான் ஃபிளெமிங்கை ஒரு பாத்திரமாகக் கொண்டுவந்து, அவர் ஜேம்ஸ் பாண்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளரைச் சந்திக்கிற மாதிரி ஒரு குறும்பு செய்திருப்பார்கள், அது பிடித்திருந்தது.

ஆங்கிலத்துக்கு வெளியே

உடைந்த கண்ணாடி கதையை மட்டும் லான்ஸ்பரி, ஹிக்சன், மெக்கென்ஸி மூவரும் நடித்திருக்கிறார்கள். ஒப்பிட வசதி. ஆனால் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது நான்காவதாக ஒன்று இருக்கிறதே, அதை. 2003-ல் ரிதுபர்ணோ கோஷ் வங்காளத்தில் எடுத்த 'சுபோ மஹரத்'. நட்சத்திரமாக ஷர்மிளா தாகூர், பத்திரிகைக்காரப் பெண்ணாக நந்திதா தாஸ், அவளுடைய ராங்கா பிஷிமா, அதாவது அத்தை, ராக்கி. மார்ப்பிள் என்ற பெயரே கிடையாது, இங்கிலாந்து கிடையாது, கொல்கத்தாவில் ஒரு வீடு. நட்சத்திரமாக இருப்பவரால் கண்ணில் படாமல் இருக்க முடியாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன் இல்லையா, இந்தப் படம் அதைக் கொஞ்சம் ஆட்டிவிடுகிறது. ராக்கி எவ்வளவு பெரிய நட்சத்திரம்! ஆனால் கோஷ் அவரை வீட்டுக்குள் வைத்துவிட்டார். கொலை நடப்பது வெளியே, சினிமா உலகத்தில். செய்தி வீட்டுக்கு வருகிறது, அத்தை வீட்டு வேலையை நிறுத்தாமலேயே கேட்டுக்கொள்கிறார். வீட்டில் இருக்கிற அத்தையிடம் மூளை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? இங்கிலாந்துக் கிராமத்தில் கம்பளி நூல் செய்கிற வேலையை இங்கே வீட்டுவேலை செய்துவிடுகிறது. மூல நாவலிலும் பார்த்தால், புதிரே ஒரு நட்சத்திர நடிகை விருந்தில் யாரை, எதைப் பார்த்து அப்படி உறைந்துபோனாள் என்பதுதான். அவளை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. விடை சொன்ன கிழவி அந்த இடத்தில் இல்லவே இல்லை. கோஷ் இதைப் புரிந்துகொண்டு எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கடைசியில் இரண்டு பெண்களும் பேசிக்கொள்கிற இடத்தில் துப்பறிகிறவர் ஜெயித்த உணர்வே வருவதில்லை. அந்த வேடத்துக்காக ராக்கிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. துணை நடிகை! மார்ப்பிள் வேடத்துக்கு அதைவிடச் சரியான பட்டியல் கிடையாது.

சோவியத் காலத்தில் 1983-ல் பை நிறையக் கம்பு கதையை எடுத்தார்கள், மார்ப்பிளாக எஸ்தோனிய நடிகை ஈட்டா எவர். கொரியாவில் 2018-ல் 'மிஸ் மா' என்று தொடரே வந்தது, அங்கே மார்ப்பிள் சிறையிலிருந்து தப்பித்த தாய், கிழவியும் இல்லை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஹிக்சனை இதுவரை பார்க்காதவர்கள் 1985-ல் வந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' கதையிலிருந்து ஆரம்பியுங்கள், அதில் அவரைச் சுற்றி ஆட்கள் நிறைய, அவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். 'நெமிசிஸ்' கதையை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்க வேண்டாம். கிறிஸ்டி எழுதிய வரிசையில் கரீபியன் கதை 1964, அதன் தொடர்ச்சியான நெமிசிஸ் 1971. பிபிசிக்காரர்கள் தலைகீழாக 1987-ல் நெமிசிஸையும் 1989-ல் கரீபியனையும் எடுத்தார்கள், பணக்காரர் ராஃபியலாக இரண்டிலும் வேறு வேறு ஆள். கரீபியனை முதலில் பார்த்துவிடுங்கள், அதில் ராஃபியல் டொனால்ட் பிளெசன்ஸ்.